மூன்று ஏழான விதம்

இரத்தினபுரியில் கல் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் ஒரு சிறிய நிலையத்தில் நான் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தேன். 2005இல் சேர்ந்தேன். கொடகவெலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில்தான் எங்கள் லயம். உயர்தரம் முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளோமா ஒன்றும் செய்திருந்தேன். தினமும் பஸ்ஸில் வந்துபோக முடியாத தூரம் என்பதால் டவுனிலேயே ஒரு வீட்டில் தங்கினேன். சனிக்கிழமை பின்னேரம் போய் திங்கட்கிழமை விடிய வருவேன்.

நிலையத்துக்குள் போக இரண்டு இரும்புக் கதவுகள். முதல் கதவு பூட்டினால்தான் இரண்டாவது திறக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத்தான் இடம். உள்ளேயிருந்து யாராவது பொத்தானை அமர்த்தும்வரை அந்தக் கூண்டில் நிற்க வேண்டும். வெளியே போகும்போது கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும். கல் புழங்கும் இடங்களில் இது வழக்கம்தான், யாரையும் குறிவைத்து அல்ல. ஆரம்பத்தில் எனக்கும் அது பெரிதாகப் படவில்லை.

முதலாளி ஒரு ஹாஜியார். பரம்பரையாகக் கல் வியாபாரம். நன்றாகப் பேசுவார், பெருநாளுக்கு எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுப்பார். என்னை மகள் என்றுதான் கூப்பிடுவார். கல்லைப் பரிசோதிப்பது ஒரு சிங்களப் பெண்மணி, ஐம்பது வயதை நெருங்கியவர். அவரை மிஸ் என்போம். அவர் நுணுக்குக்காட்டியில் பார்த்து, நிறுத்து, ஒளிமுறிவை அளந்து, எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தருவார். நான் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, கல்லின் படத்தையும் சேர்த்து அறிக்கையாக அச்சிடுவேன். கோப்பு பிறகு பின்னறையில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்குப் பிரதியாகும். எல்லா அறிக்கைகளின் களஞ்சியமும் அதுதான். பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. மழை பெய்தால் கூரையில் கேட்கும், அவ்வளவுதான் வெளியுலகம். என் மேசையும் அங்கேதான் இருந்தது.

இரண்டாவது வருடம் ஒரு நாள் எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஒரு கல் வியாபாரி வந்தார். பெரிய மனிதர், ஹாஜியாருக்கு நீண்டகாலப் பழக்கம். வரும்போதே முகம் சரியில்லை. மேசையில் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று, அவருடைய நீலக்கல்லுக்கு நாங்கள் கொடுத்த அறிக்கை. எடை 3.12 கரட். மற்றது, அந்தக் கல்லை அவரிடம் வாங்கியவர் ஒரு மாதம் கழித்து எங்களிடம் கேட்டு எடுத்த மறுபிரதி. அதில் எடை 7.12 கரட். வாங்கியவர், தனக்கு இவர் கல்லை மாற்றிக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். நாற்பது வருடப் பெயர் போய்விட்டது என்றார் வியாபாரி.

மறுபிரதியை அச்சிட்டது நான். களஞ்சியத்தில் இருந்த கோப்பைத் திறந்து அப்படியே அச்சிட்டேன். ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு அந்தக் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன். 7.12 என்றே இருந்தது. கடைசியாக மாற்றிய திகதியைப் பார்த்தோம். முதல் அறிக்கை அடித்த அதே நாள். கோப்பின் அளவும் அதேதான். யாரும் பிறகு கை வைத்த அடையாளமே இல்லை. அது எனக்கு உதவும் என்று நினைத்தேன். வியாபாரி வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அடையாளம் தெரியாமல் மாற்றத் தெரிந்த ஆள்தான் செய்திருக்கிறார் என்றார். அந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்.

அவர் போன பிறகு ஹாஜியார் கதவைச் சாத்திவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"மகள், நான் ஒன்ட மேல பழி செல்ல வரல்ல. ஆனா இந்தக் கதை பொலிசுக்குப் போனா, இந்தக் காலத்துல ஒனக்குத்தான் கஷ்டம். அதுக்காவத்தான் நான் பொறுத்துக்கொண்டு ஈக்கிறன்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வடக்கு கிழக்கில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டிருந்த காலம். நான் தங்கியிருந்த வீட்டு அக்கா ஏற்கனவே என் அடையாள அட்டையைப் பொலிஸில் காட்டிப் பதிந்து வைத்திருந்தார். பஸ்ஸை நிறுத்தினால் தமிழ்ப் பெண் என்று என்னை மட்டும் இறக்கி இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். இதில் ஒரு முறைப்பாடும் சேர்ந்தால் என்னவாகும் என்று அவர் விளக்கத் தேவையிருக்கவில்லை.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். பிறகு, "இப்ப வந்துட்டா நீதான் செஞ்சன்னு ஆயிரும் பாப்பா. அங்கயே இருந்து முடிச்சிட்டு வா" என்றார். அதுவும் உண்மைதான். விலகினால் ஒப்புக்கொண்டதாகும். இருந்தால், ஒவ்வொரு காலையும் அந்த இரண்டு கதவுகளுக்கு நடுவே நின்று, உள்ளே இருப்பவர் என் முகத்தைப் பார்த்துப் பொத்தானை அமர்த்தும்வரை காத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை அதே பஸ்ஸில் ஏறினேன்.

இனி ஒரு கோப்பும் மாறக் கூடாது, மாறினால் உடனே தெரிய வேண்டும், அதற்கு வழி சொல் என்றார் ஹாஜியார். கம்ப்யூட்டர் திருத்துபவரையும் வரவழைத்தார். அவர் டவுனில் கடை வைத்திருந்தார். எங்கள் இயந்திரங்களை விற்றதும் பராமரிப்பதும் அவர்தான். கோப்பு கெட்டுப்போனால் கம்ப்யூட்டர் தானாகவே சொல்லும் என்று முதலில் சொன்னார். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். கோப்பின் பெயர், அளவு, திகதி, அது டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் கோப்பு முறைமை ஞாபகம் வைத்திருக்கும். உள்ளே இருப்பது நேற்று இருந்ததுதானா என்று மட்டும் அது கேட்காது. ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்தபடியே படிக்கும் புது வகைக் கோப்பு முறைமை ஒன்று வெளிநாட்டில் வந்திருப்பதாகப் படித்திருந்தேன். எங்கள் பழைய இயந்திரத்துக்கு அதெல்லாம் எட்டாது. ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் நாமே ஒரு ஹாஷ் எடுத்து வைக்க வேண்டும் என்றேன்.

ஹாஜியாருக்கு அதை இப்படி விளக்கினேன்: கோப்பு முழுவதையும் ஒரு கணக்குக்குள் போட்டால் ஒரு எண் வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். எண்ணை வைத்துக் கோப்பைத் திரும்ப உண்டாக்க முடியாது. ஆளுக்குக் கைரேகை மாதிரி, கோப்புக்கு அது. அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

எந்தக் கணக்கு என்பதில்தான் பிரச்சினை வந்தது. திருத்துபவர் சி.ஆர்.சி. போதும் என்றார். சுருக்கிய கோப்புகளில் இருப்பது அதுதான், பழைய இயந்திரத்திலும் வேகமாக ஓடும் என்றார். அவர் சொன்னது தவறு என்று சொல்ல முடியாது. கம்பியில் குழப்பம், டிஸ்க்கில் கீறல் என்று தற்செயலாக வரும் கேட்டை அது பிடித்துவிடும். ஆனால் வேண்டுமென்றே மாற்றுகிறவரை அது தடுக்காது. கோப்பை மாற்றிவிட்டு, எண் பழையபடியே வருமாறு இன்னொரு மூலையில் சரிசெய்துவிடலாம். அதைச் சொன்னதும் ஹாஜியார், நான் தேடுவது கீறலை அல்ல, ஆளை என்றார். திருத்துபவர் என்னைப் பார்க்காமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

அடுத்தது எம்.டி. ஃபைவ். அப்போது எல்லோரும் பாவித்தது அதுதான். நான் டவுனில் இன்டர்நெட் உள்ள ஒரு கடையில் இரண்டு பின்னேரங்கள் உட்கார்ந்து படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பே அதை உடைத்துவிட்டார்கள் என்று இருந்தது. ஒரே எண் வரும்படி இரண்டு வெவ்வேறு கோப்புகளை உண்டாக்கிக் காட்டியிருந்தார்கள். அடுத்ததான ஷா-ஒன்றிலும் விரிசல் கண்டுவிட்டதாக எழுதியிருந்தார்கள். அதில் ஒரு வரியை நான் மூன்று தரம் படித்தேன். வெளியாள் ஒருவர் ஏற்கனவே இருக்கும் கோப்புக்குப் போலி செய்வது இன்னும் கடினம்தான். ஆனால் கோப்பை முதலில் தயாரிக்கும் ஆளால் ஏமாற்ற முடியும். நல்லது ஒன்று, போலி ஒன்று என இரண்டையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு, ஒன்றைக் காட்டிவிட்டு மற்றதை மாற்றி வைக்கலாம்.

எங்கள் நிலையத்தில் கோப்பைத் தயாரிப்பது நான். யார் ஏமாற்ற முடியாதபடி கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனால், அந்த ஆள் நானாகவே இருந்தேன். நானே எனக்குப் பூட்டுச் செய்ய வேண்டியிருந்தது. பூட்டு இலகுவாக இருந்தால், ஏன் இலகுவாகச் செய்தாய் என்று ஒரு நாள் கேட்பார்கள். அதனால்தான் அதே வரிசையில் அடுத்து வந்த ஷா-256ஐ எடுத்தேன். அதை யாரும் உடைத்திருக்கவில்லை. அது நான் எழுதிய கணக்கும் அல்ல. உலகத்தில் யாரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்க்கலாம், அதே எண்தான் வரும். மெதுவாக ஓடும் என்று திருத்துபவர் முணுமுணுத்தார். ஹாஜியார் ஓடட்டும் என்றார்.

எண்ணைக் கோப்புக்குப் பக்கத்திலேயே வைத்தால், கோப்பை மாற்றுகிறவர் எண்ணையும் மாற்றிவிடலாம். அதையும் நான்தான் எடுத்துச் சொன்னேன். ஆகவே, நான் அறிக்கையை அடித்ததும் மிஸ் வந்து தன்னுடைய துண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். சரி என்றால் அவரே விசையை அமர்த்தி, நான் அதற்காக எழுதிய சின்னப் புரோகிராமை ஓட்டுவார். எண் அவருடைய பென் டிரைவில் பதியும். அதை அவர் சாவிக் கொத்தோடு இடுப்பில் செருகிக்கொள்வார். கோப்பு களஞ்சியத்துக்குப் பிரதியாகும். மறுநாள் காலை களஞ்சியத்தில் உள்ள கோப்பின் எண்ணை பென் டிரைவில் உள்ளதோடு ஒப்பிடுவோம்.

முதல் சில நாட்கள் எல்லாம் பொருந்தியது. பிறகு ஒரு காலை ஒரு கோப்பு பொருந்தவில்லை. ஒரு கல்லின் படம். திறந்தால் கீழ்ப்பாதியில் ஒரு சாம்பல் கோடு. அதே வாரம் இன்னொன்று. அடுத்த வாரம் ஒரு அறிக்கையில் சொந்தக்காரரின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து மாறியிருந்தது, ஏ இருந்த இடத்தில் ஈ. நான் செய்த பொறி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அது ஒவ்வொரு தடவையும் சுட்டிக்காட்டியது, பின்னறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் என்னைத்தான்.

மிஸ் முன்பெல்லாம் பத்து மணிக்குத் தேநீர் குடிக்கும்போது என்னோடு பேசிக்கொண்டிருப்பார், மகளுடைய படிப்பு, வீட்டுத் தோட்டத்து ரம்புட்டான் மரம் என்று. இப்போது தேநீர்க் கோப்பையைத் தன் மேசைக்கே எடுத்துப் போனார். ஹாஜியார் பின்னறையைப் பூட்டிச் சாவியை மிஸ்ஸிடம் கொடுத்தார். என் மேசையை முன்னால் கொண்டுவந்து, தன் நாற்காலியிலிருந்து என் திரை தெரியும்படி போட்டார். பூட்டிய பிறகும் ஒரு கோப்பு மாறியது. இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கும் கம்பி வழியாகச் செய்கிறாளோ என்று திருத்துபவரிடம் அவர் கேட்டது எனக்குக் கேட்டது. மறுநாள் கம்பியையும் கழற்றினார்கள். அன்றிலிருந்து கோப்புகளை மிஸ்தான் பென் டிரைவில் எடுத்துப்போய்ப் பின்னறைக் கம்ப்யூட்டரில் போட்டார். அப்படியும் மாறியது.

அந்த நாட்களில் கழிவறைக்குப் போகக்கூடச் சொல்லிவிட்டுப் போனேன். நான் கையே வைக்காத கோப்புகளும் மாறுகின்றன, இப்போதாவது என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. சந்தேகம் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தது. நான் எழுதிய புரோகிராமுக்குள்ளேயே ஏதோ ஒளித்து வைத்திருக்கிறேனாம். ஹாஜியார் அதை என்னிடம் சொல்லவில்லை. திருத்துபவர்தான் போகிற போக்கில், அப்படியும் செய்யலாம் என்று அவரிடம் சொன்னாராம். மிஸ் அதை என்னிடம் வந்து கேட்டார். முதல் தடவையாக நேரடியாக, சிங்களத்தில், நீ செய்தாயா என்று கேட்டார்.

இல்லை என்றேன். அழக்கூடாது என்று இருந்தும் அழுதேன். பிறகு, என் புரோகிராமை விட்டுவிடுங்கள், அதே கணக்கைப் போடும் வேறொரு புரோகிராமை இன்டர்நெட்டிலிருந்து உங்கள் மகளைக் கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள், நான் தொடவே மாட்டேன், நீங்களே ஓட்டுங்கள் என்றேன். ஷா-256ஐ எடுத்ததில் எனக்கு உண்மையில் கிடைத்த ஒரே நன்மை அதுதான். என்னை நம்பாமலே அதை நம்பலாம்.

மிஸ் அப்படியே செய்தார். ஒரு புதன்கிழமை, ஹாஜியார் கொழும்புக்குப் போயிருந்த அன்று, என்னையும் கூட்டிக்கொண்டு பின்னறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டார். நான் சுவரோடு ஒட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாங்கள் அதுவரை ஒவ்வொரு காலையும் முந்திய நாள் கோப்புகளை மட்டும் ஒருமுறை பார்ப்போம். அன்று மிஸ் பென் டிரைவில் எண் இருந்த கோப்புகள் அத்தனையையும் ஓட்டினார். நெடுநேரம் எடுத்தது. வெளியே மழை வலுத்தது. முடிந்தபோது பல கோப்புகள் பொருந்தவில்லை. முன்பு காலைகளில் பொருந்தியிருந்த சிலவும் அதில் இருந்தன. மிஸ், எதையோ தவறாகச் செய்துவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

இரண்டாவது தடவையும் பல பொருந்தவில்லை. ஆனால் அவை முழுக்க அதே கோப்புகள் அல்ல. முதலில் பொருந்தாத சில இப்போது சரியாகப் பொருந்தியிருந்தன. முதலில் சரியாக இருந்த சில இப்போது தவறியிருந்தன.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒருவர் கோப்பை மாற்றலாம். ஆனால் தாழ்ப்பாள் போட்ட அறையில் எங்கள் இருவர் முன்னாலும் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் பழையபடி யார் திருப்பி வைப்பது? இந்தக் கணக்கில் தற்செயலாக எண் பொருந்தவே பொருந்தாது. பொருந்தினால் டிஸ்க்கில் உள்ள கோப்பு நல்ல கோப்பு. அப்படியானால் அது கெடுவது டிஸ்க்கில் அல்ல, படிக்கும்போது. இதை நான் சிங்களத்தில் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரே கல்லுக்கு ரெண்டு தடவை ரெண்டு அளவு வந்தா, நான் கல்லைக் குறை சொல்லமாட்டேன். கருவியைத்தான் பார்ப்பேன்" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

திருத்துபவர் அடுத்த நாள் வந்து, மனமில்லாமல்தான், நினைவகத்தைச் சோதிக்கும் புரோகிராமைப் போட்டார். திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள் விழுந்தன. களஞ்சியக் கம்ப்யூட்டரில் அவர் முந்திய வருடம் கூடுதலாகச் செருகிய ரேம் என்ற நினைவகத் துண்டு பழுது. எந்தக் கோப்பும் டிஸ்க்குக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். பெரும்பாலும் நல்ல இடத்தில் தங்கிப் போகும். சில வேளை அந்தப் பழுதான இடத்தில் தங்கும். பிரதியாகும்போது அப்படித் தங்கியவை டிஸ்க்கிலேயே பிழையாகப் பதிந்தன, வியாபாரியின் அறிக்கை போல.

அதன் பிறகு நான் பிழையானவற்றைச் சரியானவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குள் எல்லா எழுத்தும் ஒன்றும் சைபரும்தான். மூன்றுக்கும் ஏழுக்கும் உள்ளே ஒரே ஒரு இடத்தில்தான் வித்தியாசம். மூன்றில் சைபராக இருப்பது ஏழில் ஒன்று. ஏ ஈயானதும் அதே இடத்தில்தான். அந்த ரேமில் அந்த இடம் எப்போதும் ஒன்றிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் எண்கள் கூடின, ஒருபோதும் குறையவில்லை. கூடியதால்தான் யாரோ ஆசைப்பட்டுச் செய்த மாதிரி இருந்தது.

ஹாஜியாரிடம் மிஸ்தான் எல்லாவற்றையும் சொன்னார். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டார். எம்பிலிப்பிட்டிய வியாபாரிக்கும் கல்லை வாங்கியவருக்கும் தானே நேரில் போய்ச் சொல்வதாகச் சொன்னார், போகவும் செய்தார். அந்த வியாபாரி பிறகு எங்களிடம் கல் கொண்டுவரவில்லை. என்னிடம் ஹாஜியார் சொன்னது இவ்வளவுதான்:

"நான் ஒன்ன ஒரு நாளும் சந்தேகப்படல்லயே மகள்."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது. அவர் உண்மையிலேயே அப்படி நம்பத் தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம், எங்கள் அறிக்கையில் ஒரு புள்ளியும் மாற முடியாது, இந்தப் பிள்ளைதான் அதற்கு வழி செய்தது என்று பெருமையாகச் சொல்வார். சம்பளமும் கொஞ்சம் கூட்டினார். ஆனால் பின்னறைச் சாவி மிஸ்ஸிடமே இருந்தது. என் மேசை முன்னாலேயே இருந்தது, திரை அவர் பக்கம் பார்த்தபடி. ஒரு தடவை கேட்டேன். இருக்கட்டுமே, பழகிப்போச்சே என்றார்.

மேலும் ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். தங்கைக்குப் படிப்பு, அப்பாவுக்கு முழங்கால் வலி, இரண்டுக்கும் என் சம்பளம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு காலையும் ஹாஷ் ஓட்டுவோம். எல்லாம் பொருந்தும். பொருந்தியது என்று வரும்வரை நான் திரையை விட்டு நகரமாட்டேன். பழுதான ரேமைக் கழற்றி எறிந்தாயிற்று என்று அறிவுக்குத் தெரியும், உடம்புக்கு அது போய்ச் சேரவில்லை. எங்காவது ஒரு நாள் ஒன்று பொருந்தாமல் வரும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

2008 கடைசியில் எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. ஹாஜியார் விட மனமில்லாமல் சுணங்கினார். ஆள் பார்க்கும்வரை இரு என்றார், இரண்டு மாதம் இருந்தேன். நீ போனால் இதை யார் ஓட்டுவது என்றார். மிஸ் ஓட்டுவார், யாரும் ஓட்டலாம் என்றேன். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கடைசி நாள் ஒரு சேலை கொடுத்தார்.

மிஸ் என்னோடு பஸ் நிலையம்வரை நடந்து வந்தார். தூறல் இருந்ததால் அவருடைய குடைக்குள் இருவரும் நடந்தோம். எங்கள் ஊர் வழியாகப் போகும் எம்பிலிப்பிட்டிய பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் அவர், முதல் வாரம் நானும் நீதான் செய்தாய் என்று நினைத்தேன் என்றார். தெரியும் மிஸ் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். தேநீரை உங்கள் மேசைக்கு எடுத்துப் போனீர்களே என்றேன்.

பஸ் வந்தது, கூட்டமாக இருந்தது. மிஸ் என் பையை வாங்கி உள்ளே ஒரு ஆளிடம் கொடுத்து எனக்கு இடம் பிடித்துத் தந்தார். பஸ் புறப்படும்வரை கீழே நின்றுகொண்டிருந்தார். வழியில் பெல்மதுளை வந்து சேரும்வரை நான் எதைப் பற்றியும் யோசிக்கவில்லை. பிறகுதான், இனி அந்த இரண்டு கதவுகளுக்கு நடுவே நிற்க வேண்டியதில்லை என்று பட்டது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். சாரல் அடிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர் குறைப்பட்டுக்கொண்டார்.